நகல்: புகார்தாரருக்கு

— நெஞ்சுவலி எடுபடாதுண்ணே. வேற ஏதாவது சொல்லுங்க.

— ஏம்மா எடுபடாது? போன வருஷம் நெட்டையன் வண்டிய ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினதுக்கு நீதான நெஞ்சுவலின்னு எழுதிக் குடுத்த? மேனேஜர் படிச்சிட்டு அவனக் கூப்பிட்டுக் கை குடுத்தாராமே.

— அவரு நிறுத்தினது ஒரு நாளு. வண்டி நிறைய ஆளு. நீங்க நிறுத்தினது பதினோரு நாளு, அதுவும் டிப்போவுக்குத் திரும்புற காலி வண்டிய. காலி வண்டில யாருக்குண்ணே நெஞ்சு வலிக்கும்? சீட்டுக்கா?

— எனக்கு வலிச்சுதுன்னு எழுதேன்.

— எழுதலாம். நாளைக்கே டாக்டர்கிட்ட அனுப்பி, இவர் வண்டி ஓட்ட லாயக்கில்லன்னு ஒரு சீட்டு வாங்கிடுவாங்க. அப்புறம் ஒர்க்‌ஷாப்புல டயர் உருட்டிட்டு இருப்பீங்க. அதுவா வேணும்?

— வேண்டாம்மா. இந்த ரூட்ட எங்கிட்டேர்ந்து எடுக்காம இருந்தாப் போதும். அவ்ளோதான்.

— அப்ப ஒழுங்கா உக்காருங்க. அந்த டிபன் பாக்ஸத் தள்ளி வைங்க, மெமோவ விரிக்கணும். மணி ஒண்ணரை. மூணு மணிக்குள்ள விளக்கக் கடிதம் மேனேஜர் டேபிள்ல இருக்கணும்னு போட்டிருக்கு. உங்களுக்கு இது மூணாவது மெமோ. இதுலயும் சொதப்பினா ரூட்டு போச்சு. தெரியும்ல?

— தெரிஞ்சுதான உன்னத் தேடி வந்தேன். பதினேழு வருஷமா இங்க இருக்குற டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் நீதான எழுதுற. டைப்பிஸ்ட்டம்மா கை பட்டா மெமோ தானா கிழிஞ்சிடும்னு பேசிக்கிறாங்க.

— ஐஸ் வைக்காதீங்க. என் கைல ஒரு மந்திரமும் இல்ல. கதையக் கோணாமச் சொல்றேன், அதான் விஷயம்.

— கதையா? விளக்கம்னுல்ல போட்டிருக்கு.

— கேளுங்க. மேனேஜருக்கு ஒரு நாளைக்கு முப்பது காகிதம் வருது. விளக்கம்னு எழுதினா மொத வரியோட கையெழுத்தப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாரு. அதுல ஒரு மனுஷன் தெரியணும். அவனுக்கு ஏதோ ஒண்ணு வேணும். அது கெடைக்காம ஏதோ ஒண்ணு குறுக்க நிக்கணும். அப்பதான் ரெண்டாவது வரிக்குக் கண்ணு போகும். எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சொன்னா கொட்டாவி விடுவாரு, நீங்களாவது கேளுங்க.

— சரி. மனுஷன்தான் நான் இருக்கேனே. மேல சொல்லு.

— நீங்க இப்பவரைக்கும் டிரைவர். மனுஷன் இன்னும் வரல. 'இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன், ஒரு சைக்கிளக்கூட உரசினதில்ல'ன்னு எழுதினா அந்த மனுஷன் கொஞ்சம் எட்டிப் பாப்பான். டைப் அடிச்சிட்டேன். அது நெசந்தானே?

— ஒரு தடவ ஒரு தள்ளுவண்டி. லேசா.

— அதையும் போட்டுடுவோம். நம்ம மேல நாமளே ஒரு குத்தம் சொல்லிக்கிட்டா மீதி எல்லாத்தையும் நம்புவாங்க. இப்ப சொல்லுங்க. மெயின் ரோட்டுல நேரா வராம அந்தச் சந்துக்குள்ள ஏன் திரும்பினீங்க?

— மெயின் ரோட்டுல வேலை நடந்துச்சு.

— இங்க வாங்க. கம்ப்யூட்டரப் பாருங்க. ஒவ்வொரு வண்டியும் போன வழி கோடு கோடா வருதா? எல்லாக் கோடும் நேராப் போகுது. உங்க கோடு மட்டும் உள்ள போயி, ரெண்டு நிமிஷம் நின்னு, வெளிய வருது. பதினோரு நாளும்.

— தண்ணி குடிக்க நின்னேன்.

— வண்டில பாட்டில் இருக்குமே.

— தீந்துடுச்சு.

— அண்ணே, மேனேஜர்கிட்ட என்ன வேணா சொல்லுங்க, எங்கிட்ட வேண்டாம். ஒரு மடக்குத் தண்ணிக்காக எவனும் அவ்வளவு பெரிய வண்டிய அந்தச் சந்துல நுழைக்க மாட்டான். ரெண்டு பக்கமும் சுவரு உரசும்.

— உரசாது. சைடு கண்ணாடிய மடக்கிட்டுதான் போவேன்.

— பாத்தீங்களா! கண்ணாடிய மடக்கிட்டு! தண்ணிக்கு! வேணுங்கிறது இத்துனூண்டு, படுற பாடு மலையளவுன்னா அங்கதான் பொய் உக்காந்திருக்கும்.

— என்னமோம்மா. நீயே ஏதாவது எழுதிக்க. அவ்ளோதான்.

— எழுதுறேன். ஆனா நடந்தது எனக்குத் தெரியணும். எதத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான் அதச் சுத்தி எழுத முடியும். அந்தச் சந்துல என்ன இருக்கு?

— என்ன இருக்கும். ஒரு தையக்கடை. அத ஒட்டி மூணு மாடி வீடு. பச்சைக் கேட்டு, ஒரு பக்கம் கீல் கழண்டு தொங்கும். யாராவது ஒரு ஸ்க்ரூ போட்டா சரியாயிடும், போட மாட்டேங்குறாங்க. ரெண்டாவது மாடில ஒரு ஜன்னலு. நீலத் திரை. வெயில் பட்டுப் பட்டு வலது பக்கம் மட்டும் வெளுத்திருக்கும்.

— அண்ணே.

— என்ன?

— நீங்க வந்து உக்காந்ததுலேர்ந்து சொன்னதுல இது ஒண்ணுதான் நெசம். ரோட்டுல என்ன வேலை நடந்துச்சுன்னு கேட்டிருந்தா ஒரு குழியக்கூட உங்களால காட்டிருக்க முடியாது. ரெண்டாவது மாடில யாரு இருக்கா?

— கதவச் சாத்து. கண்டக்டர் ரெண்டு பேரு இங்கயே பாத்துட்டு நிக்கிறானுங்க.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— எம்பொண்ணு.

— உங்க பொண்ணு வெளியூர்ல படிக்குதுன்னுல்ல சொன்னீங்க?

— மூணு வருஷமா அதத்தான் சொல்லிட்டிருக்கேன். என்ன படிக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல.

— நான்கூடக் கேக்கலதான். சரி, என்னாச்சு?

— லிஃப்ட் ரிப்பேர் பண்ற பையன் ஒருத்தன். அவனத்தான் கட்டிப்பேன்னா. நான் வேற இடத்துல வாக்குக் குடுத்துட்டேன். கேக்கல, கட்டிக்கிட்டா. வாசல்ல வந்து நின்னா ரெண்டு பேரும். இனிமே இந்த வாசல மிதிக்காதன்னேன். அதோட நிறுத்திருக்கலாம். நானும் உன் வாசல மிதிக்க மாட்டேன்னு சேத்துச் சொல்லிட்டேன். வாய் நிக்கல.

— அவங்க அம்மா ஒண்ணும் சொல்லலியா?

— அவ எங்கம்மா இருக்கா? பிள்ளைக்கு நாலு வயசுலயே போயிட்டா. நான்தான் வளத்தேன். லீவு நாள்ல எஞ்சின் மூடி மேல துண்ட மடிச்சுப் போட்டு உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவேன். சூடா இருக்கும், ஒரு நாளும் சொல்ல மாட்டா. டிக்கெட்டு வாங்கியாச்சா, டிக்கெட்டு வாங்கியாச்சான்னு வர்றவங்கள எல்லாம் அதட்டுவா.

— வீடு எப்படித் தெரிஞ்சுது?

— இந்த ரூட்டு குடுத்து நாலாவது நாளு. சிக்னல்ல நிக்கிறேன், வண்டிக்கு முன்னாடி ரோட்டக் கடந்து போறா. கைல மருந்துக்கடைக் கவரு. என்னப் பாக்கல. அந்தச் சந்துக்குள்ள திரும்பினா. பின்னாடி இருக்குறவனுங்க எல்லாம் ஹாரன் அடிக்கிறானுங்க, சிக்னல் எப்ப பச்சை விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியல.

— அதுக்கப்புறம் தினமும் போயிருக்கீங்க.

— ஆளு ஏறின வண்டில போகக் கூடாதுல்ல. அதான் திரும்புற காலி வண்டில. நாலு மணி வாக்குல.

— போயி? இறங்கலியா?

— வண்டிய விட்டு டிரைவர் இறங்கக் கூடாது. ரூல்ஸ்.

— அடடா, என்ன ஒரு ரூல்ஸ் மன்னன்! சந்துக்குள்ள பஸ்ஸ விடுறதுக்கு ரூல்ஸ் இல்ல, இறங்குறதுக்கு மட்டும் ரூல்ஸா? உங்களக் குறுக்க நின்னு தடுத்தது எதுண்ணே?

— நான் சொன்ன சொல்லுதான். வேற எது? அவ வாசல மிதிக்க மாட்டேன்னேன். வண்டில பிரேக்க மிதிச்சுட்டுதான உக்காந்திருந்தேன். அதுனால ஹாரன் அடிச்சேன். சின்னதா ரெண்டு, பெருசா ஒண்ணு. அவ ஸ்கூல் படிக்கிறப்ப தெருமுனைல அப்படித்தான் அடிப்பேன், வெளிய ஓடி வருவா. அவளுக்குத் தெரியும், யாருன்னு.

— வந்து பாத்துச்சா?

— ஏழாவது நாளு திரை அசைஞ்சுது. காத்தாவும் இருக்கலாம்.

— அண்ணே, இத அப்படியே எழுதுறேன். ஒரு வார்த்தை நான் சேக்க வேண்டாம். மனுஷன் இருக்கான், என்ன வேணும்னு தெரியுது, எது தடுக்குதுன்னு தெரியுது. மேனேஜருக்கும் ரெண்டு பொண்ணு. கண்ணத் தொடச்சிட்டு மெமோவத் தூக்கிப் போட்டுடுவாரு. ரூட்டு உங்களுக்குத்தான்.

— எழுதாத.

— என்னண்ணே?

— இங்க காகிதம் நாலு கை மாறும். டீ குடிக்கிற இடத்துல படிப்பானுங்க. அவள நான் ஒரு தடவ தெருவுல நிறுத்தினது போதும்.

— அப்ப என்னதான் எழுத? இத விட்டா நம்மகிட்ட நெஞ்சுவலி பிடிச்ச காலி வண்டிதான் இருக்கு. சரி, உங்க மேல புகார் எழுதிப் போட்டது யாரு? அந்தத் தையக்கடைக்காரனா? அவன் பேர்ல ஏதாவது பழைய தகராறு இருந்தா அதப் பிடிச்சுக்கலாம்.

— அவன் இல்ல.

— பின்ன?

— அவதான்.

— யாரு? உங்க பொண்ணா?

— அவ எழுத்துதான். மெமோவோட சேத்து அந்தப் புகாரோட பிரதியும் வச்சுக் குடுத்தாங்க. எனக்குத் தெரியாதா அவ எழுத்து? நான் சிலேட்டுல கையப் பிடிச்சு எழுத வச்சது.

— ஐயோ, அண்ணே.

— விடு. நான் செஞ்சதுக்குக் கெடச்சுது. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். நாம குடுக்குற பதிலோட நகல் புகார் குடுத்தவங்களுக்கும் போகும்ல?

— போகும். கீழ 'நகல்: புகார்தாரருக்கு'ன்னு போட்டு, பதிவுத் தபால்ல அனுப்புவோம். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்.

— அப்ப அவ கைக்கே போகும்.

— கண்டிப்பாப் போகும்.

— நான் எழுதினா பிரிக்காமத் திருப்பி அனுப்பிடுவா. முன்னாடி அவன் வேலை பாக்குற கம்பெனிக்கு ரெண்டு தடவ போட்டேன், அப்படியே திருப்பி அனுப்பிட்டா. டிப்போ முத்திரை போட்டுப் போனா பிரிப்பா. அதனால மேனேஜருக்கு எழுதாதம்மா. அவளுக்கு எழுது.

— மேனேஜருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ரூட்ட எடுத்துடுவாரு.

— எடுக்கட்டும்.

— இப்பதான ரூட்டு ஒண்ணு போதும்னு சொன்னீங்க?

— ரூட்டு எதுக்குமா? அந்த ஜன்னலப் பாக்க. வேண்டாம்னு அவளே எழுதிக் குடுத்துட்டா. நாளைக்கு டயர் உருட்டச் சொன்னாலும் உருட்டுறேன். ஒரே ஒரு காகிதம் அவகிட்டப் போகணும். அவ்ளோதான்.

— பதினேழு வருஷமா நான் ஒருத்தருக்கே கதை சொல்லிருக்கேன் பாருங்க. அந்த மேனேஜர் சீட்டுல இருக்குறவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு பாத்துப் பாத்து. நகல் யாருக்குப் போகுது, அவங்க என்ன நெனப்பாங்கன்னு யோசிச்சதே இல்ல. சொல்லுங்க. அடிக்கிறேன்.

— ஹாரன் அடிச்சது தப்பு. அவ வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னது அதவிடத் தப்பு.

— 'மேற்படி வாசலை மிதிக்க மாட்டேன் எனக் கூறியது...'

— மேற்படி வேண்டாம்.

— சரி, எடுத்துட்டேன். கை பழக்கம்.

— இனிமே அந்தப் பக்கம் வர மாட்டேன். மருந்துக்கடைக் கவரோட பாத்தேன், உடம்புக்கு என்னன்னு தெரியல, உடம்பப் பாத்துக்கச் சொல்லு. கேட்டு கீல அவன மாத்தச் சொல்லு, லிஃப்டே ரிப்பேர் பண்றவனுக்குக் கீல் எம்மாத்திரம்? தொங்குற பக்கம் கால்ல விழுந்துடும்.

— 'அவன'ன்னே போடட்டுமா?

— 'மாப்பிள்ளைய'ன்னு போடு.

— போட்டுட்டேன்.

— அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.

— நல்லா இருக்குண்ணே. நான் எழுதினதுலயே நல்லது இதுதான், இதுல நான் எழுதினது ஒண்ணுமே இல்ல. அந்தப் புகாரக் குடுங்க. மேல அதோட தேதியும் முகவரியும் போடணும், இல்லேன்னா தபால்ல திரும்பிடும்.

— பாக்கெட்டுல இருக்கு. நீ பாத்து எழுதிட்டுக் குடுத்துடு. சத்தமாப் படிக்காத.

— முகவரி சரி. தேதி சரி. 'தினமும் மாலை நான்கு மணிக்கு அந்த டிரைவர் காலிப் பேருந்தை எங்கள் வீட்டு முன் நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்...'

— படிக்காதன்னேன்ல. அப்பான்னு எழுத வேண்டாம். பேர எழுதிருக்கலாம், டிரைவர்னு எழுதிருக்கலாம். அந்த டிரைவர்! அதுக்கு மேல என்னால படிக்க முடியல, மடிச்சு வச்சுட்டேன்.

— கீழ இன்னும் நாலு வரி இருக்கேண்ணே. படிக்கவே இல்லியா?

— இல்ல.

— மேனேஜரும் படிக்கல போலிருக்கு. மொத வரியோட மெமோவப் போட்டுட்டாரு. கேளுங்க. 'அந்தச் சத்தத்தில் என் ஏழு மாதக் குழந்தை தூக்கம் கலைந்து அழுகிறாள்.'

— யாரு?

— குழந்தைன்னு போட்டிருக்கு.

— யாரு குழந்தை?

— குறுக்க பேசாதீங்க, எனக்கே எழுத்து மங்குது. கடைசி வரி. 'குழந்தை ஐந்து மணிக்கு விழித்துவிடுவாள். எனவே இனிமேல் ஐந்து மணிக்குப் பிறகு வந்து, ஹாரன் அடிக்காமல், மாடிக்கு ஏறி வருமாறு அந்த டிரைவரிடம் தெரிவிக்கவும்.'