அவித்த கல்

"கல்லை அவிச்சேன் மாப்ள. வீட்டுல நாலு பேரும் ஆஸ்பத்திரியில போய்க் கிடந்தோம்."

தருவைகுளம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இதைச் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். சங்கு குளிப்பவர். பக்கத்தில் இருந்தவர் அவருடைய தங்கை புருஷன்.

"கல்லை எதுக்கு மச்சான் அவிச்சிய?"

"வீட்டுல கடல்மீன் தொட்டி வச்சிருக்கேன்லா. அதுல ஒரு கல்லு பூரா பித்தான் பித்தானா என்னமோ முளைச்சு, நான் வளக்குத பவளத்தையே மூடிட்டு. சொரண்டினா மறுபடியும் முளைச்சிரும். சங்கை அவிச்சா சதை கழலும்லா, அதே மாதிரி கழலும்னு நினைச்சேன். ஆவி பட்டு எல்லாருக்கும் மூச்சு முட்டிட்டு. அது விஷமாம். கொதிச்சாலும் முறியாதாம், டாக்டர் சொல்லுதாரு."

மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார்.

"எதுல வச்சு அவிச்சிய?"

"பெரிய அலுமினியச் சட்டியில. நாங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப யாரோ தேய்ச்சுக் கவுத்தி வச்சிருக்காவ."

"உங்க தங்கச்சிதான் தேய்ச்சா. இன்னைக்குக் காலையில அதை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டா. பிள்ளைக்குப் பிறந்தநாள், பாயாசம் வைக்கணும்னு."

சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. யாரும் எடுக்கவில்லை.