இலையின் அடிப்பக்கம்

பெர்னாபே: இந்தக் காலத்துல மலையேறி வர்றவங்களுக்கு ஒரு கேள்விமுறை கிடையாது. அரசர் அனுப்பினாராம், செடி தேடுறாங்களாம். கிளையை ஒடிக்கிறதுக்கு முன்னாடி மண்ணுல கொஞ்சம் சோளக் கள்ளு ஊத்தணும்னு ஒருத்தனுக்கும் தோணல.

லிசார்தோ: நான் ஒடிக்கிறவன் இல்ல, பெரியவரே. வரையறவன். உங்க மகன் எங்க? பச்சை கலந்த தண்ணியை மாத்தணும். என் சாயப்பெட்டி தூக்குறவன் அவன்தானே…

பெர்னாபே: சில்வேரியோவா? ஓடைக்குப் போயிருக்கான், வருவான். அது என்ன, ஒரு பூவுக்கும் ஒரு இலைக்கும்தான் சாயம் பூசியிருக்க? மத்ததெல்லாம் வெறும் கோடு. கை வலிக்குதா?

லிசார்தோ: வாடறதுக்குள்ள நிறத்தைப் பிடிச்சா போதும். மீதியைக் கீட்டோ நகரத்துக்குப் போய்ப் பூசிக்கலாம். அப்புறம் கப்பல்ல அரசர்கிட்ட போயிடும்.

பெர்னாபே: படத்துல அந்த இன்னொரு இலை ஏன் குப்புறக் கிடக்கு?

லிசார்தோ: அடிப்பக்கமும் தெரியணும். எங்க வழக்கம் அது.

பெர்னாபே: தெரிஞ்சு…? போன தடவை உங்க ஆளுங்க கீழ்மலை மரத்தை வரைஞ்சுட்டுப் போனாங்க. அதே படத்தைக் கையில வெச்சுக்கிட்டுக் கங்காணிங்க வந்தாங்க. இப்ப மலை மொட்டை. காய்ச்சலுக்கு மருந்தாகுற அந்தப் பட்டையை உரிக்க என் மூத்தவனைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அவன் தொப்பி மட்டும்தான் திரும்பி வந்துச்சு.

லிசார்தோ: சில்வேரியோ சொன்னான்…

பெர்னாபே: இது மேல்மலை மரம். யாருக்கும் காட்டாம வெச்சிருந்தேன். என் காய்ச்சலுக்குன்னு கூரையில செருகியிருந்த கிளையை உங்க கூட்டத்துத் தலைவர் உருவிட்டாரு. இனி சின்னவன் சில்வேரியோவையும் கட்டுவாங்க. அந்தத் தண்ணியைப் படத்து மேல கொட்டிடு.

லிசார்தோ: கொட்டினா இன்னொண்ணு வரையச் சொல்வாரு. இந்தத் தடவை பக்கத்துலயே நிப்பாரு.

பெர்னாபே: உனக்கென்ன, பேசுவ.

லிசார்தோ: நம்ம பேச்சு இங்கயே இருக்கட்டும். காயறதுக்குக் காகிதத்துக்கு நடுவுல அமுக்கி வெச்ச கிளையெல்லாம் மழையில பூஞ்சை பிடிச்சுக் கறுத்துப்போச்சு. இனி படம் மட்டும்தான் சாட்சி. கிட்ட வாங்க… இந்த அடிப்பக்கத்துல, நரம்பு பிரியற இடத்துல என்ன இருக்கு?

பெர்னாபே: ஒண்ணுமில்ல.

லிசார்தோ: உங்க மரத்துல?

பெர்னாபே: …ஊசிமுனை அளவு குழி இருக்கும். ஒவ்வொரு பிரிவுலயும்.

லிசார்தோ: அதை நான் போடல. இந்தப் படத்தோட வர்றவன் உங்க மரத்து இலையைப் புரட்டிப் பார்ப்பான். இது வேற மரம்னு போயிடுவான். வெளிய தெரிஞ்சா என் விரல் போயிடும்.

பெர்னாபே: மறந்திருப்ப.

லிசார்தோ: நான் மறக்கிற ஆள் இல்ல.

பெர்னாபே: இருக்கலாம். நாளைக்கு உங்க தலைவர் ஒரு அதட்டு போட்டா, நீயே உக்காந்து குழியெல்லாம் வெச்சுக் குடுப்ப.

லிசார்தோ: என்னை நம்பலன்னா சில்வேரியோவைக் கூப்பிடுங்க. என்னைப் பத்தி அவன் சொல்லட்டும்.

பெர்னாபே: அவன் ஓடைக்குப் போகல, தம்பி. பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிட்டான். அவன் ஆத்தைத் தாண்டற வரைக்கும் நீ தேடக் கூடாதுன்னுதான் இங்க உக்காந்து வாயடிச்சேன். படம் நல்லாத்தான் இருக்கு… அதை நம்பி மகனை விட முடியாது. நான் வரேன். தண்ணியை நீயே மாத்திக்க.