மருந்து ஊற்றிய கியர்

சீவலப்பேரியிலிருந்து திருநெல்வேலி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் மினிவேனில் தெருத்தெருவாக மீன் விற்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“கியர்பாக்ஸுக்கு மருந்து ஊத்துனேன். வியாபாரம் படுத்துட்டு,” என்றார்.

பக்கத்து இளைஞர் திரும்பினார். “என்ன மருந்து அண்ணாச்சி?”

“கியர் ஆயில்ல கலக்குத மருந்துலே. பல்லு தேயாது, சத்தமும் வராதுன்னு மெக்கானிக் சொன்னான்.”

“சத்தம் நிக்கலையா?”

“நின்னுட்டு. அதுதான் சங்கடமே. மூணாவது கியர்ல ஊளை விடும்லா, அதைக் கேட்டுத்தான் பொம்பளைய சட்டியத் தூக்கிட்டு வாசலுக்கு வருவாவ. இப்பம் நான் தெருவத் தாண்டிப் போன பொறவு, ஏன் வரலைன்னு போன்ல கேக்காவ.”

“ஹாரன் அடிங்களேன்.”

“அடிச்சேன். ஐஸ் வண்டின்னு பிள்ளைய ஓடி வருது. சாளை மீனப் பாத்துட்டு மூஞ்சத் தூக்கிட்டுப் போவுது.”

“வண்டி எங்க நிக்கி?”

“ஒர்க்‌ஷாப்புல. அந்த ஆயில வடிச்சிட்டு, மருந்து கலக்காததை ஊத்தச் சொல்லத்தான் போறேன்.”

“பல்லு தேஞ்சிரும்லா அண்ணாச்சி.”

“தேயட்டும். மீனு கெட்டுப்போவுதே.”

எங்கள் பஸ் கியர் மாற்றி, அலறிக்கொண்டே வளைவில் திரும்பியது. அங்கே நிறுத்தத்தில் அத்தனை பேரும் ஏற்கெனவே எழுந்து, பைகளைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

மீன்காரர் இளைஞரை முழங்கையால் இடித்தார்.

“பாத்தியாலே. இவன் மருந்து ஊத்தல.”