ரெங்கசாமியும் குருவும் என் கிரில் பூட்டை அறுத்தது பற்றி

அய்யாவு த/பெ பக்கிரிசாமி, வயது எழுபத்தாறு, ராணுவத்தில் லோரி ஓட்டி ஓய்வுபெற்றவன், கிள்ளான் தாமான் மெலோர் நான்காம் லோரோங் ஏழாம் எண் வீட்டில் மனைவி இறந்தபின் தனியாக வசிப்பவன், இன்ஸ்பெக்டர் கேட்கக் கூறுவது:

எனக்கு இடது முழங்கால் சரியில்லை. ஆனாலும் சமையல், குளியல், துணி எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். இரவெல்லாம் எரியும் போர்ச் விளக்கை விடிந்ததும் அணைப்பேன். என்னோடு ராணுவத்தில் இருந்த ரெங்கசாமியும் குருவும் அடுத்த லோரோங் சந்தில் இருக்கிறார்கள். காலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவர்கள் என்னைக் கூப்பிட வேண்டும், பதில் இல்லையென்றால் எப்படியாவது உள்ளே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சிரிப்பாள் என்று மகள் ஷாமினியிடம் இதைச் சொல்லவில்லை.

இன்று ஷாமினி ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்து, நேரமானால் சாலை ஜேம் ஆகிவிடும் என்று விடியும் முன்பே என்னைக் காரில் ஏற்றி, டெங்கிலில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்க அழைத்துப் போனாள். போக வேண்டிவந்த எரிச்சலில் விளக்கை அணைக்கவில்லை, கைப்பேசியையும் மேசையிலேயே விட்டுவிட்டேன். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்: "பாத்ரூம்ல விழுந்து கெடந்தா யாருப்பா வந்து பாப்பாங்க?" அதன்பிறகு இல்லத்தில் சேர அரைமனதாகத் தலையாட்டிவிட்டேன்.

திரும்பி வந்தபோது வாசலில் போலீஸ் கார் நின்றது. விளக்கு எரிந்ததாலும், உள்ளே கைப்பேசி மட்டும் அடித்துக்கொண்டே இருந்ததாலும் ரெங்கசாமியும் குருவும் கிரில் கதவின் பூட்டை அறுத்து நுழைந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் திருடர்கள் என்று போன் செய்துவிட்டார். எழுபது தாண்டிய அந்தத் திருடர்கள் இருவரும் என் போர்ச்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ரெங்கசாமி கான்ஸ்டபிளைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "கட்டிலுக்கு அடியிலகூட தேடிட்டோம்டா, எங்கடா போன?" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகள் கேட்ட கேள்விக்கு அங்கேயே இரண்டு பதில்கள் உட்கார்ந்திருந்தன.

அதன்பிறகு ஷாமினி என்னிடம் விவரம் கேட்டு, அறுந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதன்பிறகு டெங்கிலுக்கு போன் செய்து இடம் வேண்டாம் என்றாள். அதன்பிறகு தன் கைப்பையிலிருந்த என் பின்கதவுச் சாவியை எடுத்து ரெங்கசாமியிடம் நீட்டி, "அடுத்த வாட்டி அறுக்காதீங்க அங்கிள், தொறந்துட்டுப் போங்க லா" என்றாள்.

இவர்கள்மேல் எனக்குப் புகார் கிடையாது. இன்ஸ்பெக்டர் எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) அய்யாவு