வாயைத் திறக்காத சாவு

— கைய எடுங்கப்பா, கலைச்சிடாதீங்க. இப்பத்தான் கட்டிவிட்டுப் போனாங்க.

— என்னத்தக் கட்டினாங்க? சாயோ, இங்க பாரு. உயிரோட இருக்கிறவனுக்கு இடது மடிப்புதானே மேல வரணும்? இதுல வலது மேல கிடக்கு. பிணத்துக்குத்தான் கிமோனோவ இப்படிக் கட்டுவாங்க.

— அது... டைரக்டர் அப்படித்தான் கேட்டாராம்.

— கேப்பாரு, கேப்பாரு. நான் நடிக்கிற கிழவன் சாகறது கோட்டை எரிஞ்சதுக்கப்புறம்தானே? அதுக்கு முன்னாடி மகள்கிட்ட பேசற சீன் இருக்கே. இந்தப் படத்துல எனக்குன்னு இருக்கிறதே அது ஒண்ணுதான்.

— முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது. விலாங்கு மீனு வாங்கியிருக்கேன்.

— விலாங்கா? இந்த ஸ்டூடியோவுல எனக்கு ஊறுகாயும் சோறும்தானே வரும். இன்னிக்கு யாருக்குத் திவசம்?

— சும்மா இருங்கப்பா.

— ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? காலையில கொஞ்சம் தடுமாறிட்டேன், அவ்வளவுதானே.

— தடுமாறலப்பா. ஒவ்வொரு டேக்லயும் ஏதோ பழைய படத்து வசனத்தச் சொன்னீங்க. எதிர்ல மகளா நடிச்ச பொண்ணு அழுதுடுச்சு.

— நல்லா சொல்லியிருப்பேன், அதான் அழுதிருக்கா.

— அப்பா!

— சரி, சரி, கத்தாத. வசனத் தாளைக் கொண்டா, இன்னொரு தடவை படிச்சுக்கறேன். சேத்துல விழுந்து கிடக்கிற காலாள் வேஷத்துல ஆரம்பிச்சவன்டி நான். அப்புறம் காலமெல்லாம் வில்லன். வாளால வெட்டினாங்க, விஷம் வச்சாங்க, கிணத்துல தள்ளிக்கூடக் கொன்னாங்க. ஆனா வாயத் திறக்காம ஒரு தடவையும் செத்ததில்ல. இந்தக் கியோத்தோவுல ஜனங்க காசு குடுத்து வந்ததே, நான் சாகறப்ப என்ன சொல்லுவேன்னு கேக்கத்தான்.

— தாள் இல்லப்பா.

— தொலைச்சிட்டியா?

— அந்த சீனே இல்ல. மகள் வந்து பாக்கறப்ப நீங்க செத்துக் கிடக்கறீங்க. இப்ப எடுக்கப்போறது அதான். அதோட உங்க வேலை முடிஞ்சுது.

— எந்த மடையன் மாத்தினான்? கூப்பிடு அந்த டைரக்டர! அவங்கப்பன் படத்துலயே வசனம் பேசினவன் நான். என் வாயக் கட்ட இவன் யாரு?

— அவரு மாத்தலப்பா. அவரு உங்களையே மாத்திட்டு அகுனியப் போடறதா இருந்தாரு. எடுத்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அவரை வச்சு திரும்ப எடுக்கறதா.

— அகுனியா? அவனுக்கு அழவே வராதே! வெங்காயம் இல்லாம செட்டுக்கு வர மாட்டான்.

— அதான்... கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். கதையில அப்பாவச் சீக்கிரமாக் கொன்னுடுங்க, ஆனா படத்தை விட்டு எடுத்துடாதீங்கன்னு.

— நீயா?

— நான்தாம்ப்பா. எனக்கு வேற வழி தெரியல.

— விலாங்கு ஆறிப்போச்சு.

— திட்டுங்கப்பா. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க. இப்படிப் பேச்ச மாத்தாதீங்க.

— மூக்கத் துடை. வெளிய கூப்பிடறாங்க பாரு.

— அப்பா...

— பிணத்துக்கு மூச்சு தெரியக் கூடாது. எவ்வளவு நேரம் அடக்கணும்னு கேட்டுட்டு வா. கேமரா ஓடறதுக்கு முன்னாடி என் காதுல இன்னொரு தடவை சொல்லு. நான் மறந்துபோய் மூச்சு விட்டுட்டேன்னா, அகுனியக் கூப்பிட்டுடுவாங்க.