நடு ஏரியில் ஒரு சிவப்புப் பூட்டு

ஹலோ... ஹலோ, யாரு?... மோகனா? இன்னாடா இது, ஞாயித்துக்கெழம காலையில அக்கா நெனப்பு வந்துடுச்சி?... சத்தமா பேசு, இங்க பஸ்ஸு நின்னுகினு ஹாரன் அடிக்கறான்... சுங்குவார்சத்திரத்துல தான் கீறேன், மீன் கூடைய உட்டுட்டு வேற எங்க போவப் போறேன்... ஆங்... ஆங்... இன்னாது? மாட்டிகினியா? எங்க மாட்டிகின?

நடு ஏரியிலயா?

ஒரு நிமிசம் லைன்லயே இரு. இந்தாம்மா, ஜிலேபி மட்டும் தான் கீது, கட்லா இல்ல. வலை போட படகு இல்லம்மா, நான் இன்னா பண்றது? என் தம்பி கேட்டான்னு குடுத்துட்டேன். ஒரகடத்துல கம்பெனியில மெயின்டனன்ஸ் பாக்கறான். பறவைங்கள போட்டோ எடுக்கணுமாம். பெரிய ரசிகன்... ஆங், நீ சொல்றா. போட்டோ எல்லாம் நல்லா வந்துச்சா?

...

இன்னா இழுக்கற? கேமரா தண்ணியில உழுந்துடுச்சா?... கேமராவே எடுத்தாரலையா? அப்ப எதுல எடுத்த, கண்ணாலயா?... யாரு கூட கீறாங்க?... மாசானமா? உன் டீம் லீடரா? அந்த திருநெல்வேலி ஆளா?... அவரு இன்னாத்துக்கு வந்தாரு?... முழுங்காம சொல்லு. இன்னா கன்?... ஏர் கன்னா?

தோடா! துப்பாக்கி எடுத்துகினு போயிருக்காரு தொர! வாத்து சுடவா?... அவருக்கு ஆசையா. ஏன், கறிக்கடையில கோழி எல்லாம் ஸ்ட்ரைக் பண்ணுதா?... ஆமா... ஆமா... புரியுது. அடுத்த மாசம் உன்ன பர்மனென்ட் பண்றதுக்கு அவரு எழுதிக் குடுக்கணும். அவருக்கு சிறகி வாத்து கறி துன்னணும். அதுக்கு ஏரிக்கு வர்ற பறவை உசுர உடணும். நல்ல கம்பெனிடா உங்களுது. இத இன்டர்வியூலயே கேட்டிருக்கலாமே, தம்பி உனக்கு வாத்து புடிக்கத் தெரியுமான்னு.

சுட்டீங்களா?... ஒன்னு?... நின்னுகினு சுட்டாரா? படகுலயா? அந்த படகுல நான் உக்காந்துகினு வெத்தல போட்டாலே ஒரு பக்கம் சாயும். தொண்ணூறு கிலோ ஆளு எழுந்து நின்னு குறி பாத்தாரா!... அடி பட்டுச்சா, பறந்துடுச்சா?... ரெக்கையில பட்டு புல்லுக்குள்ள போயிடுச்சா. பாவம், அதுவாவது எங்கயாவது ஒளிஞ்சிகினு கெடக்கட்டும்.

சரி, திரும்பி வா. வந்த வழி தெரியும்ல. துடுப்ப போடு.

...

கரையிலயா?

துடுப்ப கரையில வெச்சிட்டு படகுல போன மொதல் ஆம்பள நீ தான்டா. ஏன்டா வெச்ச?... எடம் அடைக்குதுன்னா? அப்ப இன்னாத்த வெச்சி போனீங்க, கையாலயா?... இரு. இரு, இரு. இன்னா சொன்ன?... மோட்டாரா?

மோகன். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. மதகு பக்கத்துல ஒரு போர்டு கீது, தெரியுமா?... அதுல இன்னா எழுதியிருக்கு?... வாய தொறந்து சொல்லு... ஆங். ஐப்பசியிலருந்து பங்குனி வரைக்கும் மோட்டார் படகு கூடாது. வெடி வெடிக்கக் கூடாது. பறவை கூடு கட்டுற காலம், மீன் குஞ்சி உடுற காலம். மீனவர் சங்கத்துல எல்லாரும் உக்காந்து போட்ட கட்டுப்பாடு. அந்த போர்ட அறுத்து, வெல்டிங் வெச்சி, பெயின்ட் அடிச்சி, குழி தோண்டி நட்டது யாரு?... கேக்கல, இன்னொரு தபா சொல்லு... நீ தான! மால போட்டு, போட்டோ புடிச்சி, ஸ்டேட்டஸ் வெச்ச!

எங்க கெடச்சது மோட்டாரு?... பழைய புல்லு வெட்டுற மெஷினா? அதுல விசிறி மாட்டிகினியா... நீயே செஞ்சியா... ஆமா, ஆமா, மூளை இல்லன்னு யாரு சொன்னா. மூளை நெறைய கீது, வெச்ச எடம் தான் சரியில்ல.

அண்ணே, தராச தொடாதீங்க, நான் போட்டுத் தரேன். போன்ல ஒரு விஞ்ஞானி பேசிகினு கீறாரு... ம், சொல்லுங்க விஞ்ஞானி. மோட்டாரு ஏன் ஓடல?... ஆகாயத்தாமரை சுத்திகிச்சா. சுத்தாம? அது மேல பூ வெச்சி கும்புடுமா? சரி, ஆஃப் பண்ணிட்டு, கைய உட்டு கொடிய அறுத்துட்டு ஸ்டார்ட் பண்ணு... அறுத்துட்டியா? அப்புறம் இன்னா?... பூட்டா? இன்னா பூட்டு?

அந்த சிவப்புப் பூட்டா?... உன் மூஞ்சி போட்டோ ஒட்டி, இத தொடாதேன்னு அட்டை தொங்குமே, அதுவா?... அத ஏன்டா ஏரிக்கு எடுத்துகினு போன?... மெஷினுக்குள்ள கைய உடுறதுக்கு முன்னாடி சுவிட்ச பூட்டணும்... ஆமா... சாவிய இன்னொரு ஆளு கையில குடுக்கணும்... ஆமா, தெரியும், நீ பூட்டு போட்டு அவார்டு வாங்கின கதைய வூட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு தான் கீற.

டேய், அது கம்பெனி. நூறு பேரு நடமாடுற எடம். தெரியாம ஒருத்தன் சுவிட்ச போட்டுடுவான்னு பூட்டுற, நியாயம். நடு ஏரியில நீங்க ரெண்டே பேரு. அவரு உன் எதிர்ல உக்காந்துகினு கீறாரு. யாருடா வந்து சுவிட்ச போடுவான்? வாத்தா?

சாவி எங்க?... அவருகிட்ட குடுத்த. சரி, அவரு எங்க வெச்சாரு?... சட்டை பாக்கெட்டுல. அப்புறம்?... அடிபட்ட வாத்த எட்டி புடிக்கறேன்னு குனிஞ்சாரு... குனிஞ்சாரு...

போச்சா! ஏரிக்குள்ளயா!

எனக்கு சிரிக்கறதா அழுவறதான்னு தெரியலடா மோகனு. தண்ணியில உழுந்தா உசுரு காப்பாத்த ஒரு ஜாக்கெட்டு இல்ல, ஒரு கயிறு இல்ல, துடுப்பு இல்ல. ஆனா மோட்டார மட்டும் யாரும் தொட முடியாது. அவ்ளோ சேஃப்டி! இதுக்கும் ஒரு அவார்டு குடுக்கச் சொல்லு உன் டீம் லீடர.

இன்னா?... இன்னா நனையுது?... காலு நனையுதுன்னா, எவ்ளோ தண்ணி?

எவ்ளோ தண்ணிடா?

கணுக்கால் வரைக்குமா. எப்பலருந்து?... மோட்டாரு மாட்ட பின்னாடி ஓட்டை போட்டியா? என் படகுல? ரெண்டு போல்ட்டுக்கு... சரி, சரி, திட்டல. இப்ப திட்டல. காதுல வாங்கு. ரெண்டு பேரும் அப்படியே நடுவுல, தரையில உக்காருங்க. பலகை மேல இல்ல, தரையில. தண்ணியா இருந்தா இருக்கட்டும், பேன்ட்டு தான நனையும். யாரும் எழுந்து நிக்கக் கூடாது. கால்ல இன்னா போட்டுகினு கீற?... சேஃப்டி ஷூவா. கழட்டு. ரெண்டு பேரும் கழட்டுங்க. அதுல தண்ணி பூந்துச்சின்னா கருங்கல்ல கட்டிகினா மாதிரி உள்ள இழுத்துகினு போயிடும்... கழட்டினியா?... அவரையும் கழட்ட சொல்லு. டீம் லீடரா இருந்தாலும் காலு காலு தான்.

அப்புறம், ஹெல்மெட்டு எதுனா எடுத்தாந்தியா?... தலையிலயே கீதா. ரொம்ப சந்தோசம், மேலருந்து தேங்கா உழும்னு பாத்தியா. அத கழட்டி தண்ணிய மொண்டு வெளிய ஊத்து. நீ ஊத்து, அவரு ஓட்டையில துணிய வெச்சி அமுக்கட்டும்... சட்டைய கழட்டி அமுக்க சொல்லு. என் ஐஸ் பெட்டி படகுல கீதா?... அந்த வெள்ள தெர்மாகோல் பெட்டி. அத மடியில வெச்சி முட்டியால இடுக்கிகோ. உடாத... ஆங்... ஆங்... ஊத்து. எனக்கு சத்தம் கேக்கணும். போன தோள்ல இடுக்கிகினு, ஊத்திகினே பேசு.

அண்ணே, மீனு இப்ப இல்ல. பக்கத்து கடையில வாங்கிகோங்க. போங்கண்ணே, போங்க.

மாமாவ அனுப்ப சொல்றியா? உங்க மாமா எதுல வருவாரு? ஊர்ல இருக்கறது ஒரே படகு, அதுல நீ குளிச்சிகினு கீற. நீந்தி வரவும் முடியாது, அந்த தாமரைக் கொடி கைய கால கட்டிடும்... கேளு. படகு வந்துகினு தான் கீது. மினி வேன்ல ஏத்திகினு வராங்க. பக்கத்துல வந்துட்டாங்கன்னு நீ போன் பண்றதுக்கு முன்னாடி தான் மாமா சொன்னாரு... யாரா?

ஃபாரஸ்ட்டு காரங்க.

...

கத்தாத. கத்தினா படகு ஆடும். ஆமா, ஃபாரஸ்ட்டு காரங்க தான். காலையில ஏழு மணிக்கு மதகுலருந்து மாமா போன் பண்ணாரு. பாஞ்சாலி, புல்லுக்கு அந்தாண்ட எவனோ மோட்டாரு ஓட்டுறான், பறவைங்க மொத்தமும் மேல எழும்பிடுச்சி, துப்பாக்கி சத்தம் வேற கேக்குதுன்னாரு. எனக்கு பத்திகினு வந்துச்சி. உடனே ஃபாரஸ்ட்டுக்கு போன் போட்டேன். எவன்னு தெரியல சார், எவனா இருந்தாலும் உடாதீங்க சார்னு சொன்னேன்... ஆமா. நான் தான். உன் அக்கா தான். என் படகுல ஏது மோட்டாரு, எவனோ வெளியூரு ஆளுன்னு நெனச்சேன். என் படகுன்னு தெரியாது, என் தம்பின்னு தெரியாது. போட்டோ புடிக்கறேன்னு தான நீ சொன்ன?

திரும்பிப் போவ சொல்லவா? எப்படி? சார் சார், தப்பா நெனச்சிட்டேன், அது மோட்டாரு சத்தம் இல்ல, தவளை கத்துச்சின்னு சொல்லவா?... கேஸு ஆவும். ஆமா, ஆவும்... பர்மனென்ட்டு போயிடும். போவும் தான்... தெரியும்டா. ஆறு வருசம் கான்ட்ராக்ட்டுல கெடந்தது தெரியும். நைட் ஷிப்டு முடிச்சி கண்ணு செவந்து வருவியே, யாரு சோறு போட்டது? எனக்கு மட்டும் வயிறு எரியாதா? ஆனா இப்ப படகு வெச்சிருக்கறது அவங்க மட்டும் தான். வேலைய அப்புறம் பாக்கலாம்.

துப்பாக்கிய தூக்கி எறிய வேணாம். எறியறேன்னு எழுந்து நிப்ப. கெடக்கட்டும், கீழ வை.

இன்னாது? எறங்கி நடக்கறியா? யாரு சொன்னா இடுப்பளவு தண்ணின்னு?... அவரு குச்சிய உட்டு பாத்தாரா. அவரு ஊரு குளத்துல பாக்க சொல்லு. மோகனு, காத கொண்டா. அந்த புல்லுக்கு அந்தாண்ட மூணு வருசம் பொக்லைன் வெச்சி சவுடு மண்ணு எடுத்தாங்க. ராவும் பகலும் லாரி ஓடுச்சி. எங்க போச்சி அந்த மண்ணு? உங்க கம்பெனி மாதிரி கம்பெனிங்க கட்டுறதுக்கு, பள்ளத்த ரொப்ப போச்சி. ஒரு அடி வெச்சா இடுப்பளவு, அடுத்த அடி வெச்சா ரெண்டு ஆளு ஒசரம். மாடு ஓட்டிகினு போன நம்ம ஊரு பையன் ஐயனாரு அப்படி தான முழுவி செத்தான்? அவன் இந்த ஏரியில பொறந்து வளந்தவன். நீச்சல் தெரிஞ்சவன். உனக்கு தெரியுமா நீச்சல்?... தெரியாதுல்ல?

கரையில காக்கி சட்டை தெரியுதா?... தெரியட்டும். படகு எறக்கறாங்களா?... எறக்கட்டும். நீ அசையாத... ஏய்! இன்னா சத்தம் அது? கால வெளிய போட்டியா?

மோகனு! எட்றா கால! டேய், கால உள்ள எட்றா!

உன் அக்கா பஸ் ஸ்டாப்புல, நாலு பேரு பாக்க, நின்னுகினு கெஞ்சறேன்டா. எனக்கு பயமா கீதுடா. மீன் வெட்டற கத்திய கீழ வெச்சிட்டேன். இவ்ளோ நேரம் கிண்டல் பண்ணிகினு கீறேன்னு பாக்கறியா, வாய மூடினா அழுதுடுவேன்டா. ஐயனார தூக்கினு வந்து கரையில போட்டப்ப பாத்தேன். காதுல, மூக்குல எல்லாம் சேறு. அவன் அக்கா தொடைச்சிகினே இருந்தா. தொடைக்க தொடைக்க வந்துச்சி. என்ன அந்த மாதிரி உக்கார வெக்காதடா. ஜெயிலுக்கு போ, நான் சோறு எடுத்துகினு வரேன். வேல போவட்டும், ரெண்டு பேரும் மீன் விப்போம். கால மட்டும் உள்ள எடு.

...

எடுத்துட்டியா?... ரெண்டு காலுமா?... சொல்லு, ரெண்டு காலுமா?... சரி. சரி. பெட்டிய புடிச்சிகோ. தண்ணிய ஊத்து. அவரு அழுவறாரா? அழுவட்டும், அழுதுகினே ஓட்டைய அமுக்க சொல்லு.

எவ்ளோ தூரத்துல வராங்க?... துடுப்பு தான போடறாங்க? பாத்தியா, கவர்மென்ட்டு காரங்களே இந்த ஏரியில மோட்டாரு போடல... வராங்களா... கிட்ட வந்துட்டாங்களா. இப்ப தான் ஜாக்கிரதையா இருக்கணும். ரெண்டு பேரும் ஒன்னா எழுந்துக்காதீங்க. மொதல்ல ஜாக்கெட்ட மாட்டிகோ, அப்புறம் ஏறு. அவங்க சொல்றபடி கேளு. மரியாதையா பேசு... போன கட் பண்ணாத, பாக்கெட்டுல போடு.

...

ஹலோ?... யாரு கொரலு அது?... மோகனு? ஏறிட்டியா?... அவரு?... அவரும் ஏறிட்டாரா. அப்பாடா. தாயே... தண்ணி கேளு, குடி.

ஆங்?... என் படகு தான், என் பேரையே சொல்லு. பாஞ்சாலி, நாகப்பன் சம்சாரம்னு எழுதிக்க சொல்லு. ஃபைனு எனக்கும் போடட்டும்... இல்ல. கம்ப்ளைண்ட்ட வாபஸ் வாங்க மாட்டேன்... எத்தினி தபா கேட்டாலும் அதே தான்... தெரிஞ்சிருந்தா கம்ப்ளைண்ட் குடுத்திருப்பேனான்னா?... நீ தான்னு தெரிஞ்சிருந்தா ஆறு மணிக்கே குடுத்திருப்பேன்.

இன்னா சொன்ன?... இனிமே அக்கான்னு கூப்ட மாட்டியா?... வூட்டு வாசல மிதிக்க மாட்டியா... சரி... சாவுற வரைக்கும் பேச மாட்டியா?

பேசாத. உசுரோட இருந்துகினு பேசாம இரு, எனக்கு அது போதும்... ஹலோ... மோகனு?...

வெச்சிட்டான்.