சூறாவளிச் சூரனுக்குக் காங்கேயத்தில் கிடைத்த மரியாதை

"ஹலோ... ஆமாங்க, காங்கேயந்தானுங்க... தியேட்டருதான், சொல்லுங்க... யாரு?... அட, மோகனா. ஏன்டா கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி பேசறே... எஸ்.டி.டி. பூத்தா... சரி, சரி. ஆமா, மேட்னி இப்பத்தான் உட்டுச்சு."

கீதா ரிசீவரை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு எதிரே பார்த்தாள். மேசைக்கு அந்தப்பக்கம் அவளுடைய அப்பா அங்கப்பன் உட்கார்ந்திருந்தார். மோகன் என்ற பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. காலியான சோடா பாட்டிலை உள்ளங்கைக்குள் உருட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில் மகன் எடுத்த படத்தின் போஸ்டர் இருந்தது. அதற்காக வேறு பக்கம் திரும்பவும் இல்லை.

மகனோடு அவர் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. விவசாயக் கல்லூரியில் கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மோகன்குமார் சினிமாவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். அன்று வாசலில் நடந்த பேச்சோடு சரி. இன்று அவனுடைய முதல் படம் வெளியாகியிருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் ஓடிய 'சூறாவளிச் சூரன்' என்ற பறக்கும் வீரனின் கதையை, புது நடிகனை வைத்து, புது உடுப்பு மாட்டி, அடியிலிருந்து மறுபடி எடுத்திருந்தான். அது கீதாவும் அவள் கணவனும் நடத்தும் தியேட்டரிலேயே ஓடியது. அங்கப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சு டிக்கெட்டில் வந்து உட்கார்ந்ததைக் கீதா இடைவேளையில்தான் கண்டாள். படம் முடிந்ததும் கையைப் பிடித்து ஆபீஸ் ரூமுக்கு அழைத்து வந்திருந்தாள்.

"கூட்டமா? கூட்டமெல்லாம் தேர் நோம்பி மாதிரி இருந்துச்சு... ஆமா, ஆமா, கை தட்டுனாங்க... எந்த எடத்துலயா? அது வந்து... பரவலாத் தட்டுனாங்க."

அங்கப்பன் பாட்டிலை உருட்டுவதை நிறுத்திவிட்டு மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மறைக்கலைடா... என்னது, இன்னிக்குப் பொழுதுக்குள்ளயா? இருவது நிமிசம் வெட்டோணும்னு புரொடியூசரு நிக்கறாரா... எதை வெட்டறதுன்னு நீ சொல்லலைன்னா அவரே கத்திரியத் தூக்கீருவாரா... அய்யோ. மத்த தியேட்டர்க்காரங்க என்னங்கறாங்க?... எல்லாரும் நல்லாருக்குதுன்னுட்டாங்களா. போனை வெக்கறதுக்காகச் சொல்லிருப்பாங்க... சரி, நெசத்தையே சொல்றேன். அழுகக் கூடாது."

அவள் தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"உன்ற பேரு வந்தப்ப விசிலு பறந்துச்சு... ஆமாடா, நெசமாத்தான். அதுக்கப்புறந்தான் படம் ஆரம்பிச்சுது... கேளு. உன்ற சூரன் மொட்டை மாடீல உக்காந்து அரை மணி நேரம் மழைல நனையறானல்ல... மனப் போராட்டம்தான், எனக்குப் புரியுது. தேங்காய்க் களத்துப் பொம்பளைங்களுக்குப் புரியோணுமல்ல. பாவாத்தாளு பதினஞ்சு பேரக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. அவ எந்திரிச்சு நின்னு, 'ஏப்பா, பறக்கறதுன்னா பற, இல்லீனா எறங்கி வந்து சோறுண்ணு, சளி புடிச்சுக்கும்'னு சொல்லிப்போட்டா... சிரிக்காம என்ன பண்ணுவாங்க. நானே சிரிச்சுப்போட்டேன்."

எதிரே அங்கப்பன் மீசையைத் துடைப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டார்.

"அப்பறம் படம் பூரா அந்த இருட்டு... கலைன்னா சரி சாமி. நம்ம டிக்கெட் கிழிக்கற குத்தூஸ் பாய் கரண்டு போயிருச்சுன்னு நெனச்சு ஜெனரேட்டரைப் போட ஓடிட்டாரு. போட்டுட்டு வந்து பாத்தா அப்பவும் இருட்டு... ம்... ம்... உடுப்பா? அந்த ரப்பரு உடுப்பு பம்பாயில தெச்சதா... அதைப் போட்டுக்கிட்டு அவன் கழுத்தைத் திருப்பறதுக்குள்ள வில்லன் வேலைய முடிச்சுட்டு டீக் குடிச்சிட்டு இருப்பான். 'லாரி டியூப்பு, பாத்து, பஞ்சராயிரும்'னு பின்னால இருந்து ஒருத்தன்... டேய். டேய் மோகனு. நீதான நெசத்தைச் சொல்லச் சொன்னே."

கீதாவுக்குப் பாவமாக இருந்தது. குரலைத் தணித்தாள்.

"பழைய படத்துல இடுப்புல கட்டுன கயிறு பளிச்சுன்னு தெரியும். யாராச்சும் கவனிச்சாங்களா? அவன் மேல போனா சனம் அண்ணாந்து பாத்துது. உன்ற ஆளு கயிறில்லாமப் பறக்கறான், ஒருத்தரும் அண்ணாக்கலை. யாரைக் காப்பாத்தறதுக்குப் பறக்கறான்னு அதுவரைக்கும் நீ சொல்லவே இல்லையே... ஆமா..."

"பஸ்ஸை முன்னால போடச் சொல்லு" என்றார் அங்கப்பன் மெதுவாக.

கீதா ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்கப்பா?"

"அந்தப் பஸ்ஸு பாலத்துல தொங்குதல்ல. அதை மொதல்ல போட்டுட்டு, மழைல பாதியக் கழிச்சுரோணும். இத்தனை பேரைக் காப்பாத்துனவன் தனியா உக்காந்திருக்கறான்னாத்தான் என்னன்னு கேக்கத் தோணும்."

"...இருக்கறேன், இருக்கறேன். ஒரு பெரியவரு சொன்னாருடா. பஸ்ஸு சண்டைய மொதல்ல போட்டு, மொட்டை மாடியப் பாதியா வெட்டோணுமாம்... ஆமா... நல்லாருக்குதல்ல? எனக்கும் அப்புடித்தான் பட்டுச்சு... யாரோ, பெஞ்சு டிக்கெட்டு... அதுலயே பதினாலு நிமிசம் போயிருமா? இன்னும் ஆறுதான... என்னது? எதை?"

கீதா சட்டென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த அப்பன் வெரட்டற சீனையா?"

முதுகுக்குப் பின்னால் பாட்டில் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

படத்தில் சூரனை அவன் அப்பா வாசலில் நிறுத்தி விரட்டுகிறார். "செத்தாலும் இந்த வாசப்படிய மிதிக்காதே. உனக்கு ஊத்துன பாலைக் காளங்கன்னுக்கு ஊத்தியிருந்தா உழவுக்காச்சும் ஆயிருக்கும்" என்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கப்பன் சொன்ன அதே வார்த்தைகள், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அன்று அதைக் கேட்டது வீட்டு ஆட்கள் மட்டும்தான். இன்று ஒரு கொட்டகை நிறையக் கேட்டது. அதுவரை கேலி செய்துகொண்டிருந்த சனம் அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தியது. பிறகு பாவாத்தாள்தான் மறுபடி எழுந்தாள். "அடப் படுபாவி, நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று திரையைப் பார்த்துக் கைநீட்டித் திட்டினாள். அவளோடு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பின்வரிசைக்காரர்கள் இன்னும் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். அவளுக்கு மூன்று வரிசை தள்ளி, தலையில் துண்டோடு, அங்கப்பன் உட்கார்ந்திருந்தார்.

"...அங்க மட்டும் யாரும் சிரிக்கலைடா. அந்த அப்பனைத் திட்டுனாங்க... கேக்க முடியலை... புரொடியூசரு சொல்லலையா? நீயாத்தான் வெட்டலாம்ங்கறயா... அப்பா காதுக்குப் போனா மனசு ஒடஞ்சுபோவாருன்னா? எழுதறப்ப அந்த ரோசனை வரலையாக்கும்... சரி, சரி, திட்டலை... ஊரு சனம் சொல்லித்தான் அவருக்குத் தெரியோணும்னு இல்லைடா... சித்த இரு."

அவள் திரும்பினாள். அங்கப்பன் எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பேசப் போகிறாரா, வாங்கி வைத்துவிடப் போகிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மோகனு... அந்தப் பெஞ்சு டிக்கெட்டுப் பெரியவரு இங்கதான் இருக்கறாரு. குடுக்கறேன்."

அங்கப்பன் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹலோ... ஏனுங்க, டைரக்டருங்களா... நாந்தான்... ஆமா, நாந்தான்... இருக்கறயா, போயிட்டயா?... அட, அழுகறதுன்னா வெளிய போயி அழுவு, பூத்துல பின்னால ஆளுக நிப்பாங்க... ம்... ம்... அதெல்லாம் இருக்கட்டும், இங்க கேளு. மழைய வெட்டு. அந்த ரப்பரையும் கழட்டிப்போடு... இனி முடியாதா. சரி, போவட்டும். அந்த ஆறு நிமிசத்துக்கு, பொண்ணு தோட்டத்துல ஆடறாளே, அந்தப் பாட்டைத் தூக்கு... எங்க தோட்டத்துல யாருடா வேலை நேரத்துல ஆடறாங்க... ஆங்... அதை வெட்டாதே... அதேதான்... நான் சொல்றனல்ல, இருக்கட்டும்."

கீதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"...திட்டுனாங்க. கொட்டகையே திட்டுச்சு. திட்டட்டும்... ஆறு வருசமா உங்கம்மா வாயே தெறக்காமத் திட்டீட்டிருக்கறா. அதுக்கு இது எத்தனையோ தேவலை... நாளைக்கு அவளையும் கூட்டிக்கிட்டு வாரேன். அவ அதைப் பாக்கோணும்... ம்... ம்... இல்ல, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல..."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. அந்த ஆளு ஏன்டா அப்படிக் கத்தறான்? அன்னிக்கு நான் அத்தனை சத்தமாப் பேசலை... என்னது... பேசுனனா?"

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே மகளைப் பார்த்தார். கீதா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"...அக்காளும் ஆமாங்கறா... ம்... அப்பச் சரி... ஹலோ... மோகனு... ஹலோ..."

லைன் கட்டாகியிருந்தது. அங்கப்பன் இன்னும் இரண்டு ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு ரிசீவரை அதன் இடத்தில் சரியாக வைத்தார். வெளியே அடுத்த காட்சிக்கு மணி அடித்தார்கள். அவர் நாற்காலியைப் போன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.